மலைக்காற்றில் ஏழாம் நம்பர்

கொழும்பு கோல்ஃப் மைதானத்தில் ஏழாம் நம்பர் அயன் என்ற இரும்பு மட்டையால் 140 கெஜம் அடிப்பவர், நுவரெலியாவுக்கு வந்து அதே மட்டையை அதே வேகத்தில் வீசினால் பந்து ஐந்து முதல் எட்டு கெஜம் வரை கூடுதலாகப் போகும். பை சுமக்கும் நுவரெலியாக் கேடிமாருக்கு இது பழகிப்போன விஷயம். வந்தவர் ஏழாம் நம்பருக்குக் கை நீட்டும்போது, "எட்டு போதும் சேர்" என்று அடுத்த மட்டையை உருவிக் கொடுப்பார்கள். நம்பர் கூடக்கூட மட்டையின் முகம் அதிகமாகச் சாய்ந்திருக்கும்; பந்து உயரமாக எழும்பிக் கிட்டத்தில் விழும். எட்டைக் கொடுப்பது என்றால் தூரத்தைக் குறைத்துக் கொடுப்பது.

காரணம் காற்று. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். குளிர் காற்றைச் சற்று இறுக்கிவிடுவதால் அடர்த்தி அவ்வளவுக்குக் குறையாது. 30 பாகை வெயிலில் ஒரு கன மீட்டர் கொழும்புக் காற்றின் எடை ஏறத்தாழ 1.15 கிலோ என்றால், 16 பாகைக் குளிரில் நுவரெலியாக் காற்றின் எடை 0.97 கிலோ. ஆறில் ஒரு பங்கு மெலிவு. பறக்கும் பந்தைப் பின்னுக்கு இழுக்கும் தடையும் அந்த அளவுக்கு இளகுகிறது. குளிரில் பந்தின் துள்ளல் கொஞ்சம் குறைவதால் இந்த லாபத்தில் ஒரு பகுதி கழிந்துபோகும். மிஞ்சுவதுதான் அந்த ஐந்து முதல் எட்டு கெஜம்.

தூரம் கூடுவதோடு கதை முடிந்தால் இந்த அத்தியாயமே தேவைப்படாது. மெலிந்த காற்று இன்னொன்றையும் செய்கிறது. கடைகளில் அயன் செட் விற்பவர்கள் யாரும் அதைச் சொல்வதில்லை. பந்தை அது உயரத்தில் தாங்கிப் பிடிப்பதில்லை.

நுவரெலியா கோல்ஃப் கழகம் 1889-இல் தொடங்கியது. கோர்டன் ஹைலாண்டர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த ஒரு ஸ்கொட்லாந்துக்காரர் அதை ஏற்படுத்தியதாகச் சொல்வார்கள். கோப்பி அழிந்து தேயிலை மலையெங்கும் பரவிவிட்ட காலம் அது. அட்டன், டிக்கோயா, தலவாக்கலைப் பக்கமிருந்து துரைமார் விளையாட வந்தார்கள். பையைத் தூக்கியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்து மலையை வெட்டித் தோட்டமாக்கியவர்களின் பிள்ளைகள். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த பீட்டர் கத்ரி டெய்ட், கோல்ஃப் பந்து ஏன் அவ்வளவு நேரம் காற்றில் நிற்கிறது என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எறிந்த கல்லுக்குரிய கணக்கைப் போட்டால், கண்ணால் காணும் தூரத்தைப் பந்து எட்டவே முடியாது. பந்தில் மெல்லிய நாடாவைக் கட்டி, மட்டையால் அடித்துக் களிமண்ணில் பாயவிட்டு, நாடாவில் விழுந்த முறுக்குகளை எண்ணினார் டெய்ட். பந்து பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே போகிறது என்பது அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அவருடைய மகன் பிரெடி டெய்ட் 1896-இலும் 1898-இலும் பிரித்தானிய அமெச்சூர் பட்டம் வென்ற ஆட்டக்காரர். தகப்பனின் ஆய்வுக்கு வீட்டிலேயே ஓர் அடிகாரர் இருந்திருக்கிறார்.

பின்சுழற்சி பந்தை எப்படித் தூக்குகிறது? சுழலும் பந்தின் மேற்பரப்பு தன்னை ஒட்டிய காற்றை இழுத்து, பந்துக்குப் பின்னால் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. காற்று கீழே தள்ளப்பட்டால் பந்து மேலே தள்ளப்பட்டாக வேண்டும். நல்ல தொழில்முறை ஆட்டக்காரரின் ஏழாம் நம்பர் அடியில் பந்து நிமிடத்துக்கு 7,000 முறை சுழல்கிறது. அதாவது நொடிக்கு நூற்றுக்கும் மேல். இவ்வளவு சுழற்சியும் மட்டைமுகத்தோடு பந்து ஒட்டியிருக்கும், ஒரு நொடியின் 2,000-இல் ஒரு பங்கு நேரத்தில் ஏற்றப்படுகிறது. அந்த நேரத்தில் மட்டைத்தலை 2 சென்டிமீட்டர்தான் நகர்ந்திருக்கும்.

தள்ளுவதற்குக் காற்று குறைவாக இருந்தால் தூக்கும் விசையும் குறைவு. ஆகவே நுவரெலியாவில் பந்து கொழும்பில் எழும்பிய உயரத்துக்கு எழும்பாது. இறங்கும் கோணமும் தட்டையாகும். நெட்டுக்குத்தாக வந்து விழும் பந்து குழியைச் சுற்றிய புல்தளமான கிரீனில் இரண்டடி உருண்டு நிற்கும். சாய்வாக வரும் பந்து கிரீனைத் தொட்டுவிட்டு அப்பால் ஓடிவிடும். வேகமாக வீசுபவருக்கு இது பெரிய நட்டமல்ல. அவருடைய பந்துக்கு உயரம் ஏற்கெனவே மிஞ்சிக் கிடக்கிறது. ஏழாம் நம்பரை மணிக்கு 65, 70 மைல் வேகத்தில் வீசும் ஒருவருக்கு, சமவெளியிலேயே உயரம் மட்டுமட்டு. மலைக்கு வந்தால் அதிலும் கொஞ்சம் போய்விடுகிறது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஆடுபவர்களுக்கும் இதே நிலைதான். அந்த மைதானங்கள் நுவரெலியாவைவிட உயரமானவை.

இனி மட்டைக்கு வருவோம். மலையில் ஆடக் கற்றுக்கொள்பவருக்கு எந்த அயன் பொருந்தும் என்பதற்கு என் பதில்: பந்தை உயரத் தூக்குகிற அயன். தூரம் தருவதாகச் சொல்லப்படும் அயனும், கைபழகியவர்கள் வைத்திருக்கிற அழகான மெல்லிய அயனும் பின்னால் வரட்டும். ஏன் என்பதை எண்களோடு பார்க்கலாம்.

அயன்களில் இரண்டு குடும்பங்கள் உண்டு. பழைய குடும்பம் பிளேடு. ஒரே துண்டு இரும்பை அடித்து உருவாக்கிய மெல்லிய தகடு, முதுகு வழுவழுப்பாக இருக்கும், அடிப்பக்கம் குறுகியது. எடையெல்லாம் தலையின் நடுவைச் சுற்றித் திரண்டிருக்கும். இன்னொன்று குழிமுதுகு அயன். முதுகின் நடுவைக் குடைந்தெடுத்து, அந்த எடையை ஓரங்களுக்கும் அடிப்பாகத்துக்கும் கொண்டுபோயிருப்பார்கள். இந்த எண்ணத்தை உலகெங்கும் பரப்பியவர் நோர்வேயில் பிறந்து அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம். 1959-இல் அவர் செய்த முதல் பட்டர் (பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை) பந்தில் பட்டபோது எழுப்பிய சத்தமே அவருடைய நிறுவனத்தின் பெயராயிற்று: பிங். 1982-இல் வந்த பிங் ஐ-2 அயன்கள் மற்றப் பல நிறுவனங்களின் வடிவமைப்பையும் மாற்றிவிட்டன.

எடையை ஓரத்துக்குக் கொண்டுபோனால் என்ன லாபம்? மலைப்பாதையில் நீளமான விறகுக் கட்டைத் தலையில் சுமந்துவரும் பெண்ணைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் சட்டென்று திரும்ப மாட்டார். கட்டின் இரு நுனிகளும் திரும்ப மறுக்கும். அதே எடையுள்ள அரிசி மூட்டை என்றால் தாராளமாகத் திரும்பிவிடுவார். எடை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அந்தத் தூரத்தின் வர்க்கத்தில் சுழற்சிக்கான எதிர்ப்பு கூடுகிறது. 50 கிராம் இரும்பை மையத்திலிருந்து 1 சென்டிமீட்டரில் வைத்தால் அதன் பங்கு 50. 3 சென்டிமீட்டருக்கு நகர்த்தினால் 450. பந்து முகத்தின் நடுவில் படாமல் நுனிப்பக்கம் பட்டால் மட்டைத்தலை திருகிக்கொள்ளும். திருகலை எதிர்க்கும் தலை வேகத்தையும் திசையையும் அதிகம் இழக்காது. 'மன்னிக்கும் அயன்' என்று சொல்வது இதைத்தான்.

எவ்வளவு மன்னிக்கிறது? விளம்பரங்கள் இதைப் பெரிதாகச் சொல்கின்றன. வழக்கமான அளவுகளை வைத்து நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏழாம் நம்பரின் தலை ஏறத்தாழ 270 கிராம். பந்து 46 கிராமுக்கு மேற்படக் கூடாது என்பது விதி. நடுவில் பட்டால் பந்துக்குக் கிடைக்கும் வேகத்தை 100 என்று கொள்வோம். பிளேடில் நுனிப்பக்கமாக ஒன்றரை சென்டிமீட்டர் விலகிப் பட்டால் 96 கிடைக்கும். குழிமுதுகு அயனில் அதே விலகலுக்கு 97. அவ்வளவுதான் வித்தியாசம். 140 கெஜ அடியில் இரண்டு கெஜம். திசை மாறாமல் பிடித்துக்கொள்வது இதற்கு மேல் ஒரு லாபம். அதையும் சேர்த்தாலும், இதற்காக மட்டும் யாரும் பழைய செட்டை விற்றுவிட்டுப் புதியது வாங்க வேண்டியதில்லை.

ஆனால் புதிதாக ஆடுபவர்கள் பக்கவாட்டில் பிசகுவதைவிட மேல்கீழாகப் பிசகுவதுதான் அதிகம். பந்தின் வயிற்றில் படவேண்டிய மட்டை அதன் கழுத்தில் படும். மட்டையின் பக்கத்திலிருந்து பார்த்தால், பந்து முகத்தின் அடிவிளிம்பை ஒட்டிப் பட்டிருக்கும். அயனின் தலை நீளவாட்டில் எட்டு சென்டிமீட்டர் அளவுக்கு இருந்தாலும் உயரம் குறைவு. ஆகவே மேல்கீழான திருகலை அது எதிர்ப்பது மிகக் குறைவு. எடைமையத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே பட்டால் பந்தின் வேகம் 94-க்கு இறங்கிவிடும். தலை முன்பக்கமாகக் கவிழ்வதால் பந்து தாழ்வாகவும் கிளம்பும். 140 கெஜம் போகவேண்டியது பத்துப் பன்னிரண்டு கெஜம் முன்னதாகவே விழும். இப்போது எடைமையத்தை மூன்று மில்லிமீட்டர் கீழே இறக்குங்கள். அதே பிசகு இப்போது ஏழு மில்லிமீட்டர் பிசகுதான், வேகம் 97. பக்கவாட்டில் குழிமுதுகு மிச்சப்படுத்தியதைவிட இது மூன்று மடங்கு.

ஆகவே, கற்றுக்கொள்பவரின் அயனில் நான் முதலில் பார்ப்பது முதுகில் இருக்கும் குழியை அல்ல. தலையைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்ப்பேன். அகலமான அடி என்றால் எடை கீழே இறங்கியிருக்கிறது, பின்னுக்கும் தள்ளியிருக்கிறது என்று பொருள். தாழ்ந்த எடைமையம் பந்தை மேலே தூக்கும். மலைக்காற்று பறித்துக்கொண்ட உயரத்தைத் திருப்பித் தரக்கூடியது இந்தப் பகுதிதான்.

அகன்ற அடிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது, அது மண்ணோடு. நுவரெலியாவில் தென்மேற்குப் பருவத்தில் மழை, வடகிழக்குப் பருவத்திலும் மழை, இடையிலே மூடுபனி. புல்லின் கீழ் மண் பல மாதங்கள் ஈரமாகவே இருக்கும். பந்துக்குச் சற்றுப் பின்னால் தரையைத் தொட்டுவிட்ட மட்டை, குறுகிய அடியும் கூர்மையான முன்விளிம்பும் உடையதாக இருந்தால் அப்படியே புதைந்துபோகும், பந்து பத்தடி உருளும், மணிக்கட்டு வலிக்கும். அகன்ற அடியின் பின்விளிம்பு முன்விளிம்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். இந்தக் கோணத்தை பவுன்ஸ் என்பார்கள். தரையைத் தொட்டதும் மட்டை புதையாமல் வழுக்கிக்கொண்டு பந்துக்கு வந்து சேரும். காய்ந்து இறுகிய தரையில் இதே பவுன்ஸ் மட்டையைத் துள்ளவைத்துக் காரியத்தைக் கெடுக்கும். கோடையில் வெடித்துக் கிடக்கும் சமவெளி மைதானத்தில் நான் இவ்வளவு அழுத்தமாக அகன்ற அடியைப் பரிந்துரைக்க மாட்டேன். மலையின் ஈர மண்ணுக்கு அது கட்டாயம் வேண்டும்.

ஈரம் மட்டைமுகத்தையும் விடுவதில்லை. முகத்தில் வரிவரியாகக் கீறியிருக்கும் பள்ளங்கள் பந்துக்கும் இரும்புக்கும் நடுவில் அகப்பட்ட நீரை வெளியேற்றத்தான். பள்ளங்கள் தேய்ந்த பழைய மட்டையில், பனி பிடித்த காலை வேளையில், பந்து முகத்தில் வழுக்கிக் கிளம்பும்; சுழற்சி பாதியாகிவிடக்கூடும்; கிரீனில் நிற்காது. அனுபவமுள்ள கேடி அடிக்கு முன் மட்டைமுகத்தைத் துவாயால் துடைத்துக் கொடுப்பதும், பள்ளத்தில் ஏறிய மண்ணை மரக்குச்சியால் கீறி எடுப்பதும் சுழற்சியைக் காப்பாற்றும் வேலை. இரண்டாம் கையாக அயன் வாங்குகிறவர் பெருவிரல் நகத்தை முகத்தின் குறுக்கே ஓட்டிப் பார்க்கலாம். நகம் ஒவ்வொரு வரியிலும் தடுக்கவேண்டும்.

இப்போது கடைக்காரர்கள் மிகவும் உயர்த்திப் பேசும் விஷயம்: "இந்த செட்டில் ஏழாம் நம்பர் பதினைந்து கெஜம் கூடப் போகும்." போகும்தான். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஏழாம் நம்பரின் முகச்சாய்வு 36 பாகை அளவில் இருந்தது. இன்று கற்றுக்கொள்பவர்களுக்கென்று விற்கப்படும் பல அயன்களில் அது 28 முதல் 30 பாகை. பழைய கணக்கில் இது ஐந்தாம் நம்பர். ஏழு என்று பொறித்திருக்கிறது. தயாரிப்பாளர்கள் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எடைமையம் கீழே இறங்கியதால் பந்து தானாகவே உயரக் கிளம்புகிறது. சாய்வைக் குறைத்தாலும் கிளம்பும் கோணம் பழையபடி இருக்கும் என்கிறார்கள். வேகமாக வீசுபவருக்கு இது சரி. ஆனால் சாய்வு குறையும்போது சுழற்சியும் குறைகிறது. மெதுவான வீச்சு, குறைந்த சுழற்சி, மெலிந்த காற்று மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் பந்து தாழப் பறந்து, சாய்வாக விழுந்து, கிரீனைத் தாண்டி ஓடும். நுவரெலியாவில் கிரீனுக்கு அப்பால் பல இடங்களில் மரங்களும் ஓடையும் இருக்கின்றன.

அந்த மைதானத்தின் அளவையும் பார்க்கவேண்டும். பதினெட்டுக் குழிகளும் சேர்ந்து ஏறத்தாழ 5,500 கெஜம். இன்றைய சர்வதேசப் போட்டி மைதானங்கள் 7,000 கெஜத்தைத் தாண்டிவிட்டன. நகரத்தின் நடுவே, சைப்ரஸும் யூக்கலிப்டஸும் இருபுறமும் நெருக்கிக்கொண்டு நிற்கும் ஒடுங்கிய ஃபேர்வேக்கள். இங்கே தூரம் போதாமல் தோற்பவரைவிட, நேராகவும் நிற்கும்படியாகவும் அடிக்க முடியாமல் தோற்பவர்களே அதிகம். ஆகவே கூடுதல் தூரத்துக்காகச் சாய்வைக் குறைத்த அயனுக்குப் பணம் கொடுப்பது, இந்த மைதானத்துக்குத் தேவையில்லாத ஒன்றை வாங்கி, தேவையான ஒன்றை விற்பதாகும். 32 முதல் 34 பாகைச் சாய்வுள்ள ஏழாம் நம்பர், அகன்ற அடி, தாழ்ந்த எடை. மலையில் கற்றுக்கொள்பவருக்கு நான் சொல்வது இந்தச் சேர்க்கையைத்தான். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய குழிமுதுகு செட்டுகளில் இது எளிதாகக் கிடைக்கும், விலையும் குறைவு.

வெளிநாட்டு நிறுவனங்கள் அயன்களை ஹேண்டிகேப் (ஆட்டக்காரரின் தரத்தைக் காட்டும் எண்; குறைந்தால் நல்லது) வைத்துப் பிரிக்கின்றன. இருபதுக்கு மேல் இருந்தால் இது, பத்துக்குக் கீழே இருந்தால் அது என்று அட்டவணை போட்டிருப்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஹேண்டிகேப் என்பது ஆட்டம் முடிந்தபின் வரும் மொத்தக் கணக்கு. பட்டிங் நன்றாக இருந்தாலும் குறையும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கிரீனைச் சுற்றிச் சாமர்த்தியமாக ஆடி 12 ஹேண்டிகேப் வைத்திருக்கலாம். அவருடைய வீச்சு மெதுவானது, அவருக்குப் பந்தைத் தூக்கும் அயன்தான் வேண்டும். கைவலிமையுள்ள இருபது வயதுப் பையன் 24 ஹேண்டிகேப்பில் இருக்கலாம்; அவனுடைய பந்து ஏற்கெனவே வானத்துக்குப் போகிறது, அவனுக்குக் குறுகிய அடியும் நடுத்தர எடைமையமும் போதும். வேகத்தின் பங்கு எவ்வளவு என்பதற்குத் தொழில்முறை ஆட்டக்காரர்களே சான்று. ட்ராக்மேன் ரேடார் முன்பு எடுத்த அளவுகளின்படி அமெரிக்க ஆண்கள் சுற்றில் ஏழாம் நம்பரின் சராசரி வேகம் மணிக்கு 90 மைலாகவும், பறக்கும் தூரம் 172 கெஜமாகவும் இருந்தன. பெண்கள் சுற்றில் 76 மைல், 141 கெஜம். திறமையில் இரண்டு தரப்பும் உலகின் உச்சி. ஆனாலும் மட்டைத் தேர்வு ஒன்றாக இருக்காது.

வேகத்தை அளக்க ரேடார் இல்லாவிட்டால் பரவாயில்லை. பந்து பட்ட இடத்தை அளக்க ஒரு டப்பா முகப்பவுடர் போதும். மட்டைமுகத்தில் மெல்லியதாகப் பூசிவிட்டு அடித்தால் பந்தின் வட்டமான தடம் தெளிவாக விழும். பதினைந்து இருபது பந்து அடித்து, ஒவ்வொரு தடத்தையும் பார்த்துவிட்டுத் துடைக்கவேண்டும். தடங்கள் ஒரு ரூபாய் நாணய அளவுக்குள் அடங்கினால் எந்த அயனையும் விருப்பம்போல எடுக்கலாம். கீழ்விளிம்பை ஒட்டி வரிசையாக விழுந்தால் தாழ்ந்த எடைமையம். நுனிக்கும் தண்டை ஒட்டிய குதிகாலுக்குமாகச் சிதறினால் ஓரத்தில் எடையுள்ள குழிமுதுகு. இந்தச் சோதனையை எல்லாக் கடைகளிலும் செய்து காட்ட மாட்டார்கள். மைதானத்தின் ஓரத்தில் நாமே செய்துகொள்ளலாம்.

மலையில் ஆடுபவர் அறிந்திருக்கவேண்டிய இன்னொரு கணக்கு சரிவைப் பற்றியது. கோல்ஃப் கடைகளில் தரைக்கும் தண்டுக்கும் இடையிலான கோணத்தை ஒவ்வொருவரின் உயரத்துக்கும் ஏற்ப வளைத்துக் கொடுக்கிறார்கள். அந்தக் கோணம் 2 பாகை பிசகினால், 34 பாகைச் சாய்வுள்ள மட்டையின் முகம் ஏறத்தாழ 1.3 பாகை பக்கவாட்டில் திரும்பும். 130 கெஜ தூரத்தில் மூன்று கெஜம். இப்போது வலக்கை ஆட்டக்காரர் ஒருவர் 10 பாகைச் சரிவில், பந்து தன் பாதங்களைவிட மேலே இருக்கும்படி நிற்கிறார் என்று வையுங்கள். அதே மட்டையின் முகம் 6 பாகைக்கு மேல் இடப்பக்கம் பார்க்கும். 130 கெஜத்தில் அது பதினைந்து கெஜம். சாய்வு கூடிய மட்டையில் விலகல் இன்னும் பெரிது: 56 பாகை வெட்ஜ் அதே சரிவில் 14 பாகை திரும்பிவிடும். இதை அறிந்தவர் சரிவில் வெட்ஜை எடுக்காமல், சாய்வு குறைந்த மட்டையைக் கீழே இறக்கிப் பிடித்து, அரை வீச்சு வீசுவார். குறியையும் வலப்பக்கம் தள்ளி வைப்பார். தட்டையான பயிற்சித் தளத்தில் நின்று கோணத்தை அரைப் பாகை வரை துல்லியமாகத் திருத்திக்கொள்வதற்குச் செலவழிக்கும் பணத்தை, மலைநாட்டு ஆட்டக்காரர் பந்து வாங்கச் செலவழித்தால் பலன் கூடும் என்பது என் எண்ணம்.

தண்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தொடக்ககால ஆட்டக்காரர்கள் ஹிக்கரி மரத்தண்டால் ஆடினார்கள். எஃகுத் தண்டை அமெரிக்க, பிரித்தானிய ஆட்சிக்குழுக்கள் அனுமதித்தது 1920-களில். இன்று எஃகுத் தண்டு பெரும்பாலும் 95 முதல் 130 கிராம் வரை, கிராஃபைட் தண்டு பெரும்பாலும் 50 முதல் 80 கிராம் வரை. மெதுவாக வீசுபவருக்கு எடை குறைந்த தண்டு சிறிது வேகம் சேர்க்கும். அதைவிட, பதினெட்டுக் குழி ஏறி இறங்கிய பின்னும் அதே வேகத்தில் வீச முடியும் என்பது பெரிய உதவி.

இதுவரை சொன்னதெல்லாம் கடைக்குப் போய்த் தேர்ந்தெடுக்கக்கூடியவருக்கு. மலையகத்தில் கோல்ஃப் மட்டை பிடிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அந்த வாய்ப்பில்லை. யாரோ வேண்டாமென்று விட்டதுதான் கையில் கிடைக்கும். வேண்டாமென்று விடப்படுபவை பெரும்பாலும் பழைய பிளேடுகள். அதிலும் அடிக்கவே கடினமான மூன்றாம், நான்காம் நம்பர்கள். எடைமையம் உயரம், அடி குறுகல், தண்டு கனத்த எஃகு, நீளம் ஒரு வெள்ளைக்காரத் துரையின் உயரத்துக்கு. உதவி அதிகம் தேவைப்படுகிற கைக்கு, உதவியே செய்யாத மட்டை போய்ச் சேர்கிறது. இது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

இதற்கு மறுப்பாக ஒரு பெயரைச் சொல்வார்கள்: செவே பலஸ்டெரோஸ். ஸ்பெயினின் பெட்ரேனா என்ற கடற்கரை ஊரில் பிறந்து, சிறுவயதில் ஒரு பழைய மூன்றாம் நம்பர் அயனால் மணலில் அடித்து அடித்துக் கற்று, ஐந்து முக்கியப் பட்டங்கள் வென்றவர். உண்மைதான். மூன்றாம் நம்பரால் பந்தைத் தூக்கவும் தாழ்த்தவும் வளைக்கவும் கற்றவர் பின்னால் எந்த மட்டையையும் ஆளலாம். இலங்கையிலும் கேடியாக இருந்து மேலே வந்த தொழில்முறை ஆட்டக்காரர்கள் உண்டு. இந்தியத் தொழில்முறைச் சுற்றில் பட்டங்கள் வென்ற என். தங்கராஜாவின் பெயரை மலையகத்துப் பிள்ளைகள் அறிந்திருக்கவேண்டும். ஆனால் ஒரு பலஸ்டெரோஸ் வந்ததைக் கணக்கெடுக்கும்போது, அதே மாதிரி மட்டையைப் பிடித்து, பந்து எழும்பாமல் உருண்டு உருண்டு ஓடியதால் "நமக்கு இது வராது" என்று வைத்துவிட்டுப் போனவர்களை யாரும் எண்ணுவதில்லை. பந்து முதல் வாரத்திலேயே காற்றில் எழும்பவேண்டும். எழும்பினால்தான் பிள்ளை மறுநாள் வரும்.

பெரியவர்களின் மட்டையை வெட்டிச் சின்னதாக்கிக் கொடுப்பது நல்லெண்ணத்தில் செய்யப்படும் காரியம். அதன் இயற்பியல் பிள்ளைக்கு எதிரானது. தண்டு குட்டையாகும்போது விறைப்பு கூடும். 270 கிராம் தலை அப்படியே இருக்கும். பத்து வயதுக் கை அதைச் சுழற்ற முடியாமல் உடம்பையே வளைக்கும். அந்த வளைவு பழக்கமாகிவிடும். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் கிராஃபைட் தண்டுள்ள, பெண்களுக்கான செட் ஒன்றை வெட்டலாம்: அதில் பெரும்பாலும் தலையும் எடை குறைவு, தண்டும் மென்மை, சாய்வும் கூடுதல்.

முழு செட் வேண்டும் என்ற அவசியமும் இல்லை. ஒரு பையில் 14 மட்டைகளுக்கு மேல் கூடாது என்று 1938-இல் அமெரிக்காவும் அடுத்த ஆண்டு பிரித்தானியாவும் விதி கொண்டுவந்தன. குறைந்தது எத்தனை என்று விதி எதுவும் இல்லை. மெதுவாக வீசுபவர் ஐந்தாம், ஆறாம் நம்பர்களால் அடிக்கும் தூரங்கள் ஒன்றுக்கொன்று நான்கைந்து கெஜமே வேறுபடும். இரண்டையும் சுமப்பதில் பயனில்லை. நுவரெலியாவின் நீளத்துக்கு, நீண்ட அயன்களுக்குப் பதிலாக வரும் ஹைபிரிட் மட்டை ஒன்று, ஏழாம் நம்பர், ஒன்பதாம் நம்பர், 50 பாகை அளவில் ஒரு வெட்ஜ், மணற்குழிக்கு ஒரு வெட்ஜ், ஒரு பட்டர். ஆறு மட்டைகள். இவை ஒரே நிறுவனத்தினதாக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. சாய்வுகள் மட்டும் இடைவெளி விட்டு வரிசையாக இருக்கவேண்டும். ஏழாம் நம்பர் 33 பாகை என்றால் ஒன்பது 41, 42-இல் இருக்கலாம். கழகங்களும் தோட்ட நிர்வாகங்களும் பழைய மட்டைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது, பையோடு அள்ளிக் கொடுக்காமல், இந்த ஆறையும் பொறுக்கிக் கொடுத்தால் நல்லது. மூன்றாம் நம்பரைக் கொடுப்பவரே வைத்துக்கொள்ளட்டும்.